எழுப்பாமல் விட்ட காவல்காரன்

விழுந்தவனை எழுப்பாமல் கதைகாரர் உடுக்கையைக் கீழே வைக்கக் கூடாது. விதி இவ்வளவுதான். எந்த அரசாணையிலும் இது இல்லை. வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தவன் நான். எழுதிவைக்காத விதிகள்தான் எழுதிவைத்தவற்றைவிடக் கறாராக நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதிகாரியின் நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று எந்தக் கையேட்டிலும் சொல்லப்படவில்லை. அவர் விடுப்பில் போன நாளில்கூட யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மேலே சொன்ன விதி என் மனைவி பிறந்த ஊருடையது. சேலத்துக்கு மேலே நாங்கள் இருக்கும் இதே மலையில், மாரமங்கலத்துக்கு அந்தப் பக்கம், காப்பியும் மிளகும் சாமையும் விளைகிற சிறிய ஊர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே இரவு முழுக்க உடுக்கையடித்துப் பாடும் கதை வைப்பார்கள். கதையில் வீரன் சாகிற கட்டம் வந்ததும், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் அருள் வந்து சாய்வார். அவரைத் தரையில் கிடத்தி வெள்ளை வேட்டியால் மூடிவிடுவார்கள். அதற்குப் படுகளம் என்று பெயர். பிறகு கதைகாரர் உடுக்கையை அடித்து எழுப்புப் பாட்டைப் பாட, உரிமைப்பட்ட குடும்பத்து ஆண் ஒருவர் வேப்பிலையால் தண்ணீர் தெளிப்பார். கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு மோர் கேட்பார். கல்யாணமான புதிதில் ஒரு விடியற்காலை அதைப் பார்த்தேன். செத்துப் பிழைத்தவன் முதலில் கேட்பது மோர்தானா என்று என் மனைவியிடம் கிண்டலாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் தெளித்தது அவளுடைய அப்பா.

இதற்கு ஓர் உபவிதியும் உண்டு. படுகளத்தில் விழப்போகிறவனுக்காக அவன் வீட்டுப் பெண்கள் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்பு என்றால் மஞ்சள் நூலில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு, மணிக்கட்டில். கட்டியது முதல் அவன் எழும் வரை அவர்கள் மலையை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் விழுந்தவன் எழ மாட்டான். இதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. நல்ல விதிகளுக்கு இந்த வசதி உண்டு.

இனி ஒரு படக்கதைக்கு வருகிறேன்.

என் மனைவியின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. ஒண்டிக்கடைக் கடைத்தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் முன்பு காய்கறிப் பையோடு என்னை முந்திப் போவாள். அந்த மேட்டில் ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்தடியிலும் நின்று, மரத்தைப் பார்ப்பது போல மூச்சு வாங்க ஆரம்பித்தாள். பிறகு மேடும் நின்றது. எஸ்டேட் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், மிஷன் பள்ளியில் படித்தவள், நாளெல்லாம் ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகன் விடுமுறைக்கு வந்தபோது, அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று அவள் கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தான். அதில் வியாழன்தோறும் ஒரு படக்கதை வரும். பழைய ஊர்க்கதைகளை எடுத்து யாரோ ஒரு பெண் புதிதாக வரைந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கம் புரட்ட வேண்டியதில்லை, விரலால் தள்ளத் தள்ள மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும், மலைப்பாதை மாதிரி.

கதை, மலையைக் காக்கும் ஒருவனைப் பற்றியது. பல ஊர்க் கதைகளை ஒட்டுப் போட்டது என்று எனக்குப் பட்டது. என் மனைவிக்கு அந்தக் குறை தெரியவில்லை. அவனுக்குப் பெயர் கிடையாது, காவல்காரன் அவ்வளவுதான். தாய் இல்லை. ஊர் அவனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு மறந்துபோயிருந்தது. மெலிந்த பையன், காது கொஞ்சம் பெரிது. வியாழக்கிழமை காலையில் அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருப்பாள். வந்ததும் எனக்கும் சொல்லுவாள்: "பையன் மூணாவது கணவாயத் தாண்டிட்டானுங்க." நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, அவனுக்குப் பயணப்படி உண்டா என்று கேட்பேன். எங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமை பேசுவான். காவல்காரன் வியாழக்கிழமை வருவான். இரண்டு பேரில் யார் அதிக நேரம் இருந்தார்கள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

பங்குனியில், காப்பி பூத்து மலையெல்லாம் மணந்துகொண்டிருந்த ஒரு வியாழன், காவல்காரன் கடைசிக் கணவாய்க்குப் புறப்பட்டான். எதிரிகள் அங்கே காத்திருப்பது வாசகர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அன்று மதியம் நான் காப்பி கொண்டுபோனபோது அவள் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"சும்மாதானுங்க. அவனுக்கு வேற யாரு இருக்காங்க, கட்டறதுக்கு?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சும்மா போட்ட கையெழுத்துக்காக வேலை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அது நினைவுக்கு வரவில்லை. அவளுடைய கணக்கு எளிமையானது. அடுத்த வியாழன் அவன் விழுவான், அதற்கடுத்த வியாழன் எழுவான், காப்பை அவிழ்த்து ரோஜாச் செடிக்குப் போட்டுவிடலாம். சித்திரையில் சேலத்தில் அவளுக்கு வால்வு மாற்றும் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். நடுவில் போதுமான நாள் இருந்தது. கதை சொல்கிறவர்கள் எல்லோரும் அவள் ஊர்க்காரர்கள் மாதிரியே இருப்பார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். வேறு எந்த ஊர்ப் பெண்ணும் இந்தத் தவற்றைச் செய்திருக்க மாட்டாள்.

அடுத்த வியாழன் அவன் விழுந்தான். நன்றாகவே வரைந்திருந்தாள் அந்தப் பெண், அதை மறுக்க மாட்டேன். ஈட்டி பாய்கிற இடத்தைக் காட்டவில்லை. அவன் காவல் கம்பு முதலில் கைவிட்டுப் போய் ஒவ்வொரு பாறையாக விழுந்தது. பிறகு அவன் கை. அதற்குப் பிறகு கறுப்பு. என் மனைவி விரலால் தள்ளினாள், கறுப்புதான் வந்தது. இன்னும் தள்ளினாள். செயலி நின்றுவிட்டது என்று நினைத்து நான் வாங்கிப் பார்த்தேன். அது நிற்கவில்லை, கறுப்பு ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவள் திரும்ப வாங்கிக்கொண்டு தள்ளிக்கொண்டே இருந்தாள். வெகு கீழே, சின்ன எழுத்தில், முதல் பருவம் முடிந்தது, வாசித்தமைக்கு நன்றி என்றிருந்தது. அடுத்த பருவம் எப்போது என்று இல்லை.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஏனுங்க, உடுக்கைய வெச்சுட்டாங்களே," என்றாள்.

சித்திரையில் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தைய நாள்தான் அவள் வர முடியாது என்றாள். நான் அப்போது பெட்டியில் அறிக்கைகளை வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். கோபத்தில் நான் என்னென்னவோ பேசினேன். படித்தவள், தட்டச்சில் உயர்நிலை தேறியவள், ஒரு பொம்மைக்காக உயிரை விடுவாயா என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த மூச்சும் இல்லை.

"அது வெறும் படமுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்புறம் என்ன?"

"கட்டுனது வெறும் கயிறு இல்லீங்களே."

கத்தரிக்கோலை எடுத்தேன். அவள் கையை நீட்டினாள். நீங்கள் வெட்டினாலும் அவன் கிடந்தபடிதான் கிடப்பான் என்றாள். நான் கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைத்தேன். அடுத்த நாள் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, நோயாளிக்குச் சளி என்று சொல்லி வேறு தேதி வாங்கினேன். மகனிடம் சொன்னபோது, அம்மா விளையாடுகிறாளா என்று கேட்டான். செயலியை நீக்கிவிடச் சொன்னான். கோப்பைத் தொலைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிற இளநிலை உதவியாளர்களை எனக்குத் தெரியும். பாவம், இவனும் அப்படித்தான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் செய்தேன். இப்படிப்பட்ட நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அவருக்கு, பொருள், பார்வை எல்லாம் போட்டு, கதையில் வீழ்ந்த காவல்காரரை உரிய முறைப்படி எழுப்பக் கோரி மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்புள்ளது என்று உடனே பதில் வந்தது. அந்தப் பதில் எனக்கு எவ்வளவு திருப்தி அளித்தது என்று நட்சத்திரம் போடச் சொல்லி இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. கதையின் அடியில் வரைந்த பெண்ணின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. அவளுக்கும் எழுதினேன். நினைவூட்டு அனுப்பினேன். பிறகு இரண்டாம் நினைவூட்டு.

பதில் வராத நாள்களில் அந்த அத்தியாயத்தின் கீழே வாசகர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நூற்றுக்கணக்கில் அழுகிற முகங்கள். காலேஜில் க்ளாஸ் நடக்கும்போது படித்து அழுதுவிட்டேன், ப்ரொபசர் வெளியே அனுப்பிவிட்டார் என்று ஒரு பெண். வரைந்தவருக்கு மனசாட்சியே கிடையாது என்று ஒருவன். பழங்கதையில் இவன் சாகவே இல்லை, எங்கள் பாட்டி ஊர்ப் பக்கம் இப்போதும் கோயில் இருக்கிறது என்று ஒருவன். அவனுக்குக் கீழே, சாகாதவனுக்கு எதற்குக் கோயில் என்று இன்னொருவன். நானும் எழுதினேன். படுகள விதியை எடுத்துச் சொல்லி, எழுப்புப் பாட்டு இல்லாமல் கதையை நிறுத்தியது முறையற்றது என்று, பத்தி பிரித்து. முதல் பதில்: "அங்கிள், நீங்க வக்கீலா?" இரண்டாவது: "தாத்தா, ஸ்பாய்லர் போடாதீங்க ப்ளீஸ்." நடந்து முடிந்ததை எப்படி ஸ்பாய்லர் என்று சொல்ல முடியும் என்று கேட்டு எழுதினேன். அதற்கு நிறையப் பேர் இதயம் போட்டார்கள். என் பணிக்காலம் முழுக்க எனக்கு இவ்வளவு ஒப்புதல் கிடைத்ததில்லை. பயன் ஒன்றுமில்லை.

அப்புறம் மாரமங்கலம் பஸ் ஏறி என் மைத்துனரைப் பார்க்கப் போனேன். மனைவியின் அண்ணன். அவர் அப்பாவுக்குப் பிறகு தண்ணீர் தெளிக்கிற உரிமை அவருக்கு. எங்களுக்குள் நல்லது கெட்டதுக்குப் போய்வருகிற உறவு மட்டும்தான், அதிலும் அவர் பேத்தி காதுகுத்துக்கு நாங்கள் போகவில்லை. வாசலில் மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். நான் சொல்வதைக் கடைசிவரை கேட்டார். கைபேசியைக் காட்டினேன். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, கறுப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"சின்ன வயசுலயே அவ இப்படித்தானுங்க மாப்ள," என்றார். "ஆட்டுக்குட்டிக்கு ஒடம்பு சரியில்லைன்னு காப்புக் கட்டுனவ."

"நீங்க வந்து ஒரு கை தண்ணி தெளிச்சா அவ நம்புவா மச்சான். அது போதும்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். "இந்தக் கதைய யாரு சொல்றது?"

"யாரோ ஒரு பொண்ணு."

"அந்தப் பொண்ணு பாட்டுப் படிக்காம நாந் தெளிச்சா அது வெறும் தண்ணிங்க. உத்தரவு வேணுமில்லீங்களா? ஒங்களுக்குத் தெரியாததா. மேல இருந்து கையெழுத்து வராம நீங்க சீல் குத்துவீங்களா?" மிளகைக் கிளறிக்கொண்டே, "காதுகுத்துக்குக்கூட யாரும் வரக் காணோம்," என்றார்.

அந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. உரிய அலுவலரின் ஆணை பெற்று வரவும் என்று எழுதித் திருப்பும்போது எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், விதி நம் பக்கம் இருக்கிற நிம்மதி. அவர் சொன்னது அவர்கள் முறைப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் வராமலிருப்பதற்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் பார்த்தேன். ஒரே இனத்து ஆட்கள் நாங்கள். வீட்டுக்கு வந்து அண்ணன் ஊரில் இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, அதைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

மருத்துவமனை கொடுத்த இரண்டாவது தேதி வைகாசியில். அதுவும் வந்து, போனது. மருத்துவமனைக்கு இந்த முறை சளி என்று சொல்ல முடியவில்லை, உறவில் மரணம் என்றேன். அது பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது.

அந்த மாதம் மலை முழுக்கச் சுற்றுலாக்காரர்கள். படகுத்துறை, ஒண்டிக்கடை எங்கும் கார்கள். ஒரு மதியம், ரசத்துக்குத் தாளிக்கச் சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. நான் அடுப்பை அணைத்தேனா என்பதே எனக்கு நினைவில்லை. அணைத்திருந்தேன், பிறகு பார்த்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் கீழிருந்து ஏறுகிற வண்டிகள் ஒதுங்க இடமில்லாமல் நின்றன. ஒரு வளைவில் குடும்பமொன்று காரை நிறுத்திவிட்டு, பள்ளத்தாக்கு தெரிகிறாற்போல் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சைரன் கேட்டும் சிரித்தபடி ஒதுங்கினார்கள். கோபப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாடியையா காப்பையா, எதைப் பிடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அடிவாரத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டியபோது அவள் கண் மூடித்தான் இருந்தது. உதவியாளர் அவள் வயதைக் கேட்டார். நான் அவளுடைய பிறந்த ஊரைச் சொன்னேன்.

அறுவை அரங்குக்குள் நூல், கயிறு, உலோகம் எதுவும் போகக் கூடாது. அதுவும் விதிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தாலியையும் வளையலையும் கழற்றி, காப்பை வெட்டி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நர்ஸ் என்னிடம் கொடுத்தார். மஞ்சள் கிழங்கு சுருங்கிக் கறுத்திருந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டேன்.

வால்வை மாற்றினார்கள். அவள் பிழைத்தாள். பிழைப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்பதால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனியில் மேலே கொண்டுவந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சுவரைப் பிடித்து நின்று, இடது கையைப் பார்த்தாள்.

"எந்த எடத்துல எனக்கு நெனவு போச்சுங்க?"

"வீட்டுலயே."

நினைவில்லாமல் செய்தது செய்ததாகாது, சட்டம் அதைத்தான் சொல்கிறது, குற்றத்துக்கு எண்ணம் வேண்டும் என்று நான் விளக்கினேன். நீ மலை எல்லையைத் தாண்டவில்லை, உன்னைத் தாண்ட வைத்தார்கள் என்றேன். நன்றாகத்தான் வாதாடினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவனுக்கு அது தெரியுமுங்களா?" என்றாள்.

அதற்குப் பிறகு கைபேசியை அவள் தொடவில்லை. மூச்சு நன்றாக வந்தது. மாடிப்படி ஏற முடிந்தது. ஏறவில்லை. புதிய வால்வில் இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை, அது சரியான அளவில் வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி சேலத்துக்குப் போய் இரத்தப் பரிசோதனை. மாத்திரை கூடினால் இரத்தம் நிற்காது, குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும் என்று மருத்துவர் அவளிடமே சொல்லியிருந்தார். மாத்திரையை விழுங்கினாள். பரிசோதனைக்கு வர மாட்டேன் என்றாள். ஒருமுறை தாண்டியதற்கே அவன் கிடக்கிறான், இன்னொரு முறையா என்றாள். முதல் பரிசோதனை தவறியது. இரண்டாவதும் தவறியது. வெள்ளக்கடைப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இரத்தம் எடுக்கிற இளைஞன் ஒருவனை ஏற்பாடு செய்தேன். மழையில் இரண்டு முறை வந்தான். அப்புறம் சேலத்து ஆய்வகம், மாதிரி சரியான நிலையில் வரவில்லை என்று திருப்பியது. மாதிரிகளைத் திருப்புவதில் எங்கள் அலுவலகத்தைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆடி பிறந்தது. காற்று, பனிமூட்டம், மின்வெட்டு. அவள் தொடையில் காரணமில்லாமல் நீலமாக ஒரு கன்றல் வந்தது. மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

அன்று வரைந்த பெண்ணுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். இந்த முறை பொருள், பார்வை எதுவும் போடவில்லை. மனைவி ஊர்க் கதையில் விழுந்தவன் எப்படி எழுவான் என்று எழுதினேன், மோர் கேட்பது உட்பட. என் மனைவி அவனுக்காகக் காப்புக் கட்டியதையும், அவளை நினைவில்லாமல் இறக்கிக் கொண்டுபோனதையும் எழுதினேன். கடைசியில் ஒன்று கேட்டேன். ஒரே ஒரு படம் வரைந்து தர வேண்டும், அவன் எழுந்துவிட்டதாக. அதில் வைகாசிக்கு முந்தைய ஒரு தேதி போட வேண்டும். அவள் மலை இறங்குவதற்கு முன்பே அவன் எழுந்திருந்தால் விதியும் மீறப்படவில்லை, இவளும் தாண்டியவள் ஆகமாட்டாள். முன்தேதியிட்ட விடுப்பு விண்ணப்பங்களைக் கிழித்துப் போட்டவன் நான். அப்படிப்பட்டவன் இதைக் கேட்டேன். ஒருமுறைகூட யோசிக்காமல் கேட்டேன் என்பதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.

ஆடிப் பெருக்கு அன்று காலையில் பக்கத்து வீட்டம்மா தட்டில் சித்திரான்னமும் மஞ்சள் கயிறும் கொண்டுவந்தார். அன்று பெண்கள் புதுக் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். என் மனைவி வாங்கி ஜன்னல் மேல் வைத்தாள், கட்டிக்கொள்ளவில்லை. மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றிருந்தது. பத்து மணிக்கு மேல் மின்சாரம் வந்தபோது, மின்னஞ்சலும் வந்தது.

சிறிய கடிதம். என் எல்லாக் கடிதங்களையும் படித்ததாகவும், பதில் எழுதத் தெரியவில்லை என்றும் அந்தப் பெண் எழுதியிருந்தாள். இந்தக் கதையைச் சொன்னது அவளுடைய அம்மா, மருத்துவமனைப் படுக்கையில், நாளுக்குக் கொஞ்சமாக. காவல்காரன் விழுகிற இடம் வரைக்கும் சொன்னார். அதற்குப் பிறகு சொல்ல அவர் இல்லை. "அடுத்து என்னவென்று எனக்குத் தெரியாமல்தான் நிறுத்தினேன். நீங்கள் எழுதிய பிறகுதான் அவன் எழுவான் என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் கேட்ட தேதியை மட்டும் என்னால் போட முடியவில்லை. வரைகிற நாளைத்தான் எப்போதும் போடுவேன். மன்னிக்கவும்."

கீழே படம். கறுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து வருகிற பாறை. காவல்காரன் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் தண்ணீர்த் துளிகள், யார் தெளித்தது என்று தெரியவில்லை. ஒரு கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மறு கையை மோருக்காக நீட்டியிருக்கிறான். பெரிய காதுகள். கொஞ்சம் வெட்கம்.

தேதியை விரலால் மறைத்துக்கொண்டு காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் என் கையிலிருந்து கைபேசியை வாங்கிவிட்டாள். வெகு நேரம் பார்த்தாள். மூலையில் இருந்ததைப் பார்க்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

"இன்னிக்குத்தான் எந்திரிச்சிருக்கானுங்க."

"ஆமா."

"நாந் தாண்டியும் எந்திரிச்சுட்டான்."

அதில் சந்தோஷப்பட வேண்டிய பாதி எது என்று எனக்குத் தெரிந்தது, மற்றப் பாதியும் தெரிந்தது. அவள் இடது மணிக்கட்டை வலது கையால் மூடிப் பிடித்திருந்தாள்.

"அப்ப நாங் கட்டுனது அவனுக்கு வேண்டியதே இல்லீங்களா," என்றாள். அதை அவள் என்னிடம் கேட்கவில்லை. படத்தை அணைத்துவிட்டு, ரத்தம் பார்க்க எப்போது போக வேண்டும் என்று கேட்டாள். நாளைக் காலை முதல் பஸ் என்றேன். சரி என்று, பீரோவிலிருந்து எடுத்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் மேலிருந்த புதுக் கயிற்றை அவள் எடுக்கவே இல்லை. அது பனியில் ஈரமாகிக்கொண்டிருந்தது.

கோப்பை முடிக்கும்போது தேதி குறிப்பது வழக்கம். பதில் வந்தது ஆடி பதினெட்டு.